எந்தக் கையில் குச்சி?

இடது முட்டியில் நீகேப், முதுகில் ஆறு கிலோ பை. பெங்களூர் பக்கத்து நந்தி மலைப் படிக்கட்டில் பாதியிலேயே உட்கார்ந்து "ஐயோ அம்மா" என்றேன்.

வெள்ளரிக்காய் விற்ற பாட்டி நிமிர்ந்தார். "தமிழா கண்ணு? குச்சிய அடிபட்ட பக்கமே புடிச்சிருக்கியே. வலது கைக்கு மாத்து."

பெங்களூரில் பிசியோ சொன்னதும் இதேதான். மறந்தது நான்.

மாற்றினேன். மிளகாய்ப்பொடி தூவிய வெள்ளரியைக் கடித்தபடி ஏறினேன். 1,478 மீட்டர் உச்சியில் ஒரே மேகம், ஒன்றும் தெரியவில்லை. சரி, போகட்டும்.

இறக்கம்தான் கொடுமை. ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போது உடம்பின் பாரமெல்லாம் முட்டியில் வந்து விழும். அடிபட்ட காலை முதலில் வைத்து, நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன். விழுந்து முட்டியில் அடிபடுவதற்கு முன்பு இதே படிகளில் ஓடியவன். ஒரு படியைக்கூடப் பார்த்ததில்லை.

பாட்டியின் கூடை காலி. "குச்சி எந்தக் கைல?" என்றார் தூரத்திலிருந்தே.

தூக்கிக் காட்டினேன்.