பினாங்கில் கைதட்டினால் நகரும் விளக்கு

கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு ரயிலில் கொண்டுபோய், ஒரு மாலை விளையாடவிட்டு, மறுநாள் சுருட்டிக்கொண்டு திரும்பக்கூடிய விளையாட்டுச் சிற்பம் ஒன்றைப் பற்றியது இந்தக் கட்டுரை. திரை கிடையாது, கைப்பிடிக் கருவி கிடையாது. நடுவில் ஒரு விளக்குக் கம்பம், அதன் அடியில் ஒரு தாம்பாளம், இரு பக்கமும் அணிக்கொரு பித்தளைச் செம்பு. ஜோடி ஜோடியாக நின்று, ஒருவர் உள்ளங்கையில் ஒருவர் தட்டி, ஒளியை எதிரணி பக்கம் தள்ள வேண்டும். கயிறிழுத்தல்தான், கயிறுக்குப் பதில் வெளிச்சம்.

ஜார்ஜ் டவுனுக்கு இதைக் கொண்டுபோகக் காரணம் உண்டு. ஜெட்டியிலிருந்து நடந்துபோய் முதலில் ஆர்மீனியன் ஸ்திரீட்டைப் பாருங்கள். லிதுவேனியாவில் பிறந்த எர்னஸ்ட் ஸகாரெவிச் 2012இல் ஜார்ஜ் டவுன் விழாவுக்காக வரைந்த இரண்டு பிள்ளைகள் சுவரில் இருக்கிறார்கள். அவர்கள் ஓட்டும் சைக்கிள் மட்டும் நிஜ சைக்கிள். பக்கத்து ஆ குவீ ஸ்திரீட்டில் அதே கையால் வரைந்த பையன், நிஜ மோட்டார் சைக்கிளில். அங்கே பத்து நிமிடம் சும்மா நின்றால் போதும். யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. சைக்கிளைப் பிடிக்கிறார்கள், மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்காரும் பாவனை செய்கிறார்கள், அடுத்தவருக்கு இடம் விடுகிறார்கள். அதே தெருக்களில் இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திரங்களும் இருக்கின்றன, நகரம் முழுக்க 52. அவையும் அருமையான வேலை. ஆனால் அவற்றை நின்று வாசிக்கிறார்கள், கை நீட்டுவதில்லை. சுவரைவிட்டு வெளியே வந்து, பிடிக்க ஏதுவாக, ஏற்கெனவே பழகிய ஒரு பொருள் இருந்தால்தான் கை போகிறது. விளையாட்டுச் சிற்பம் செய்கிறவருக்கு இதைவிட நல்ல பாடசாலை இந்தத் தீவில் இல்லை.

வெளிநாட்டு முன்னோடிகளும் இதையேதான் செய்தார்கள். அமெரிக்கக் கலைஞர் மேரி ஃப்ளானகன் 2006இல் செய்த ராட்சத ஜாய்ஸ்டிக் ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரம். பழைய அட்டாரி வீடியோ விளையாட்டை அதில் தனியாள் ஆட முடியாது, ஒருவர் தண்டைத் தள்ள இன்னொருவர் பொத்தானை அழுத்த வேண்டும். பொருளின் அளவே விதியைச் சொல்லிவிடுகிறது. பெர்லினில் 2001இல் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற கணினி ஆர்வலர் குழு, ஆசிரியர் மாளிகை என்ற கட்டடத்தின் 144 ஜன்னல்களை, 8 மாடிக்கு 18 வீதம், விளக்குப் புள்ளிகளாக்கி, கைப்பேசியில் அழைத்து 'பாங்' என்ற பந்து வீடியோ விளையாட்டை ஆடவிட்டது. அது பிரமாண்டம். நம் கம்பத்துக்கு நெருங்கிய உறவு ஜாய்ஸ்டிக்தான்: செம்பையும் நடுத் தாம்பாளத்தையும் ஒரே ஆள் எட்டித் தொட முடியாத தூரத்தில் வைத்தால் "இது இருவர் விளையாட்டு" என்று பலகை எழுத வேண்டியதில்லை.

மின்னணுச் சாமான்களைப் பினாங்கில் தேடி அலைய வேண்டாம். கோலாலம்பூரில் புடு பக்கம் ஜாலான் பாசாரில் உதிரிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எல்லாவற்றையும் அங்கேயே வாங்கி, வீட்டிலேயே முழுதாக ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வேண்டியவை: நிரலை ஓட்டும் சின்னக் கணினியான இஎஸ்பி32 பலகை 2 (ஒன்று மாற்றுக்கு), மீட்டருக்கு 60 புள்ளி உள்ள டபிள்யூஎஸ்2812பி எல்இடி பட்டை 5 மீட்டர், 74ஏஎச்சிடி125 சில்லு ஒன்று, 330 ஓம் தடை, 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 10 மெகா ஓம் தடை இரண்டு, 20,000 எம்ஏஎச் பவர் பேங்க், 6 அங்குல பிவிசி குழாய் 1.2 மீட்டர். செம்பு இரண்டும் தாம்பாளம் ஒன்றும், நீளக் காம்புள்ள பித்தளைக் கரண்டி நான்கும் மட்டும் பினாங்கு லிட்டில் இந்தியாவில் வாங்கலாம். பூசைச் சாமான் கடைகள் குவீன் ஸ்திரீட், பாசார் ஸ்திரீட் பக்கம் இருக்கின்றன. அரக்குப் பூச்சு அடித்த பளபளப்பான செம்பை வாங்காதீர்கள். பூச்சு மின்சாரத்தைத் தடுக்கும், சுரண்டி எடுக்க அரை நாள் போய்விடும்.

கேஎல் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ் ரயிலில் சுமார் நான்கு மணி நேரம். நிலையத்தை ஒட்டியே தீவுக்குப் போகும் ஃபெரி. கம்பமாக நிற்கப்போகும் பிவிசி குழாயே பெட்டி: எல்இடி பட்டையைச் சுற்றியபடியே வைத்து வெளியே கெட்டித் துணி போர்த்துங்கள், பலகைகளும் கம்பிகளும் உள்ளே போய்விடும். பட்டையைக் கழற்றி மடித்தால், மடிந்த இடத்தில் செப்புத் தடம் விரிசல் விடும். இந்த வகைப் பட்டையில் ஒரு புள்ளி செத்தால் அதற்குப் பிந்தைய புள்ளிகள் எல்லாம் இருண்டுவிடும்.

குழாயைச் சுற்றிப் பட்டை ஒட்டும்போது சுற்றுக்கு 10 செ.மீ. இடைவெளி விட்டால் 5 மீட்டர் ஒன்பது சுற்றுக்குக் கொஞ்சம் மேல் வரும். உயரம் 90 செ.மீ.யைத் தாண்டும். அதோடு வரும் பசை பினாங்கு வெயிலில் ஒரே நாளில் இளகிவிடும், ஆகவே ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு கேபிள் டை போடுங்கள்.

மின்சாரக் கணக்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு புள்ளி முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். 300 புள்ளிக்கு 18 ஆம்பியர், அதாவது 90 வாட். பவர் பேங்க் அதைத் தராது. தேவையும் இல்லை. இருட்டில் கால் பங்கு வெளிச்சமே கண்ணைக் கூசச் செய்யும். நிரலில் மொத்த மின்னோட்டத்துக்கு 2 ஆம்பியர் என்று வரம்பு கட்டுங்கள். பவர் பேங்க் சுமார் ஆறு மணி நேரம் தாங்கும். பட்டையின் இரண்டு முனையிலும் 5 வோல்ட் கொடுங்கள். ஒரு முனையில் மட்டும் கொடுத்தால் தூரத்து முனையில் வோல்ட் இறங்கி, நீலம் முதலில் மங்கும், வெள்ளை செம்மஞ்சளாகத் தெரியும். இரண்டு அணி நிறத்தில் ஒன்று நீலம் என்றால் அந்த அணி ஏமாற்றப்பட்டதாகவே நினைக்கும்.

இஎஸ்பி32 தரும் சமிக்ஞை 3.3 வோல்ட், 5 வோல்ட்டில் ஓடும் பட்டை 3.5 வோல்ட்டாவது எதிர்பார்க்கிறது. மேசையில் வேலை செய்யும், தெருவில் மினுக்கி மினுக்கிப் பைத்தியம் பிடிக்கும். நடுவில் 74ஏஎச்சிடி125 சில்லை வைத்தால் அந்தத் தொல்லை தீரும். 330 ஓம் தடை சமிக்ஞைக் கம்பியில், முதல் புள்ளிக்குப் பக்கத்தில். மின்தேக்கி பட்டையின் 5 வோல்ட்டுக்கும் தரை முனைக்கும் (கிரவுண்ட்) குறுக்கே.

இனி கைதட்டல். தொடுதலை உணர இரண்டு வழி உண்டு. எம்பிஆர்121 போன்ற மின்தேக்கச் சில்லு ஒற்றை விரலையே உணரும், ஆனால் ஈரம் ஏற ஏற அதன் அடிக்கோடு, அதாவது யாரும் தொடாதபோது இருக்கும் அளவு, நகர்கிறது. மழைத்தூறல் பட்ட செம்பு யாரும் தொடாமலே "தொட்டேன்" என்று சொல்லும். மின்னிணைப்பு ஏற்றும் நேரத்தில் ஒரு பிள்ளை செம்பைப் பிடித்திருந்தால் அந்தக் கையையே அடிக்கோடு என்று எடுத்துக்கொள்ளும். பினாங்குக் காற்றுக்கு மற்ற வழிதான் நல்லது: மனித உடல் வழியே சுற்று மூடுவது. மேக்கி மேக்கி என்ற பலகை 2012 முதல் 22 மெகா ஓம் தடையை வைத்து இதைச் செய்கிறது. நமக்கு 10 மெகா ஓம் போதும். தாம்பாளம் தரை முனை. ஒவ்வொரு செம்பும் ஒரு உள்ளீட்டு முனைக்குப் போய், 10 மெகா ஓம் வழியாக 3.3 வோல்ட்டோடு இணைந்திருக்கும். ஒருவர் செம்பைப் பிடிக்க, மற்றவர் தாம்பாளத்தைத் தொட, இருவரும் உள்ளங்கையால் தட்டும்போது வோல்ட் சரியும். உடலில் ஓடுவது மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவு, எறும்பு கடித்த அளவுகூடத் தெரியாது. வியர்த்த கை இன்னும் நன்றாகக் கடத்தும். குளிர்சாதனக் கூடத்தில்தான் இந்த வழி தடுமாறும்.

ஒன்றில் மட்டும் சமரசம் வேண்டாம்: ஆள் தொடும் சுற்று பேட்டரியில் மட்டுமே ஓட வேண்டும். ஆடும் நேரத்தில் சுவர் மின்சாரத்தில் சார்ஜர் போட்டு ஓட்டாதீர்கள்.

பக்கத்துக் கடைகளின் குழல்விளக்கும் ஒயரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைச் செம்புக்குள் ஊட்டும். அளவீடுகளை 20 மில்லி வினாடிக்குச் சராசரி எடுங்கள். அது சரியாக ஒரு அலை, மேடும் பள்ளமும் ஒன்றையொன்று தின்றுவிடும். கைதட்டல் பெரும்பாலும் அதைவிட நீளமாக நீடிப்பதால் பொதுவாக எதுவும் தவறிப்போகாது. ஒரு தட்டலுக்கு ஒரே அடிதான். கை பிரிந்து மறுபடி சேர்ந்தால்தான் அடுத்தது. இல்லையென்றால் கையைப் பிடித்தபடி நின்றே ஒருவர் ஜெயித்துவிடுவார். சாலிடர் வைத்த கம்பியைச் செம்பின் அடியில் விடாதீர்கள், பிள்ளைகள் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள், ஒரு மணி நேரத்தில் ஒடிந்துவிடும். 4 மில்லிமீட்டர் போல்ட்டும் வளையக் காதும் போட்டு முறுக்குங்கள்.

கம்பத்தின் அடியில் தாம்பாளம். அதிலிருந்து இரு பக்கமும் 190 செ.மீ. தள்ளி அணிக்கொரு செம்பு, முக்காலியில். இரண்டு சின்னப் பிள்ளைகள் கைகோத்தால் எட்டும், ஒரு பெரியவர் தனியே எட்டமாட்டார். ஆனால் தனியாக வருகிறவரும் ஆட வேண்டுமே. அதற்குத்தான் கரண்டிகள், ஒவ்வொரு செம்புக்கும் பக்கத்தில் இரண்டிரண்டாக நூல் கட்டித் தொங்கவிடுங்கள். கையால் எட்டாததைக் கரண்டி எட்டும். அறிமுகமில்லாத ஆணின் கையைத் தட்ட விரும்பாத பெண்களுக்கும், பெரியவர்களுக்கும் இதே கரண்டிதான் வழி: உள்ளங்கைக்குப் பதில் கரண்டியோடு கரண்டி. "அக்கா, வேண்டுமானால் கரண்டியால தட்டுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் தயங்கி நின்றவர் முன்னால் வருவார். இந்த ஊரில் இதை யோசிக்காமல் வைத்த சிற்பம் பாதிக் கூட்டத்தை வெளியே நிறுத்திவிடும்.

ஆட்டம் 45 வினாடி. நடுப்புள்ளி 150இல் தொடங்கி, தட்டலுக்கு 3 புள்ளி நகரட்டும். 15 வினாடி யாரும் தொடாவிட்டால் தானே புதிதாகத் தொடங்க வேண்டும். ஓய்வில் ஒளி மெல்ல ஏறி இறங்கினால் போதும், அப்போதுதான் பவர் பேங்கும் "யாரும் இல்லை" என்று அணைந்துவிடாது. சிவப்பும் பச்சையும் அணி நிறமாக வேண்டாம், சிலருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். நீலமும் ஆரஞ்சும் போடுங்கள்.

எங்கே வைப்பது? கடைவீடுகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் வைக்கவே கூடாது. அது நடைபாதை, நமக்கோ நான்கு மீட்டர் அகலம் வேண்டும். ஜாலான் குர்துவாராவிலுள்ள ஹின் பஸ் டிப்போ, பழைய பேருந்து டிப்போவாக இருந்து 2014இல் கலைக்கூடமானது, முற்றமும் சுவரோவியங்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சந்தையும் கூடும். அங்கேயோ வேறு முற்றத்திலோ, நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பொதுத் தெரு என்றால் மாநகராட்சி அனுமதி தேவை. ஜார்ஜ் டவுன் 2008 முதல் யுனெஸ்கோ மரபுரிமை நகரம். பழைய கடைவீடுகளின் சுவர் சுண்ணாம்புப் பூச்சு, ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதில் டேப் ஒட்டினால் பூச்சோடு உரிந்து வரும். ஆணி கனவிலும் வேண்டாம். கம்பம் தன் காலிலேயே நிற்கட்டும், குழாயின் அடியில் 5 கிலோ அரிசிப் பை போதும்.

பொழுது சாய ஏழு, ஏழரை ஆகும். அதற்கு முன் எல்இடி தெரியாது, ஆகவே ஏழரை முதல் பத்து வரை. லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒலி சேர்க்க வேண்டாம். பாட்டுக் கடைகளோடு போட்டி போட முடியாது. கப்பிதான் கெலிங் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் நேரத்தில் ஆட்டத்தை நிறுத்துவதே மரியாதை. செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை மிகுதி. பலகையைத் தண்ணீர் தெறித்தாலும் புகாத ஐபி65 பெட்டியில் வைத்து, கம்பிகள் அடிப்பக்கமாக நுழையட்டும். மேலிருந்து நுழைந்தால் தண்ணீர் கம்பி வழியே உள்ளே நடந்து வரும். குளிர்சாதன அறையிலிருந்து வெளியே கொண்டுவந்ததும் அரை மணி நேரம் காத்திருந்து மின்னிணைப்பு கொடுங்கள், சில்லின் மேல் வியர்க்கும்.

இரவு முடிந்ததும் செம்பையும் தாம்பாளத்தையும் கரண்டியையும் புளி போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, உடனே துடைத்துக் காயவையுங்கள். வியர்வையும் கடல் காற்றும் ஒரே இரவில் பித்தளையை மங்கவைக்கும், மங்கினால் தடை ஏறும், மறுநாள் மெல்லத் தட்டுகிறவர்களின் கை பதிவாகாது. புளி மிச்சமிருந்தால் பச்சை பூக்கும். தேய்க்கும் முன் இரண்டு செம்பையும் விளக்கு வெளிச்சத்தில் ஒரு தடவை பாருங்கள். ஒன்றில் விரல் தடம் நிறைய, மற்றதில் குறைவு என்றால், தடம் குறைந்த செம்பு கூட்டம் வருகிற வழிக்கு முதுகு காட்டி நின்றிருக்கிறது. மறுநாள் கம்பத்தையும் செம்புகளையும் சேர்த்துக் கால் வட்டம் திருப்பி வையுங்கள்.