கிணத்தடி பலாமரத்துல ஒரு தம்புரா

2011 டிசம்பர் 30 தானே புயல் அடிச்ச அன்னைக்கு, பண்ருட்டி பக்கம் எங்க ஆயா வீட்டுக் கொல்லைல கிணத்தடி பலாமரம் வேரோட சாஞ்சிடுச்சு. எங்க மாவட்டத்துல அன்னைக்குப் போன பலாவுக்கும் முந்திரிக்கும் கணக்கே இல்ல. அந்த மரத்தை அறுத்து நாலு பலகை மட்டும் பரண்ல போட்டு வச்சிருந்தாங்க, போன வருஷம்தான் அதுல மூணைக் கேட்டு வாங்கி கடலூர் மஞ்சக்குப்பத்துக்குக் கொண்டாந்தேன். அத்தனை வருஷம் காஞ்ச மரம், வெளிய கருத்திருந்துச்சு, ரம்பம் வச்சா உள்ள இன்னும் மஞ்சள். தஞ்சாவூர் வீணைக்கே பண்ருட்டி பலா போகுது, நான் வேற மரம் எதுக்குத் தேடணும்.

குடம் குடையற வேலை எனக்கு வராது, அதனால பெட்டி மாதிரி, மூணடி நீளம், படுக்க வச்சு மீட்டுற தம்புரா. நாலு தந்தி, மூணு ஸ்டீல், மந்தரத்துக்கு, அதாவது கீழ் சட்ஜத் தந்திக்கு மட்டும் பித்தளை. பெட்டி ஒரு வாரத்துல ஒட்டி முடிஞ்சிது. தந்திகளைத் தாங்குற கட்டை, குதிரைம்பாங்க, அதுதான் உயிரை எடுத்துச்சு.

தம்புரா குதிரை மேல்பக்கம் தட்டையா இருக்கக் கூடாது, கண்ணுக்கே தெரியாத அளவு லேசா வளைஞ்சு சரியணும், தந்தி அதிரும்போது அந்த சரிவுல பட்டுப் பட்டு எழும்பணும், அப்பதான் ஒரே தந்திக்குள்ள இருந்து மேல்சுரமெல்லாம் ஒண்ணொண்ணா விரிஞ்சு வரும். சி.வி.ராமன் 1921லயே இதைப் பத்தி எழுதியிருக்காரு. தந்தியை ஒரு இடத்துல மீட்டினா, அந்தப் புள்ளில அசையாம நிக்கிற மேல்சுரங்கள் கேக்கவே கூடாதுங்கறது பழைய விதி, ஆனா நம்ம தம்புராலயும் வீணைலயும் அதுவும் கேக்குது, காரணம் இந்தக் குதிரைதான்னு. இதைப் படிச்சப்புறம் எனக்கு உப்புத்தாளைக் கீழ வைக்க மனசே வரல, மூணு சாயங்காலம் தேய்ச்சேன்.

கடைசில தந்திக்கும் குதிரைக்கும் நடுவுல ஜீவா நூல். வெறும் பருத்தி நூல்தான். நகத்தால ஒரு மயிரிழை தள்ளினா செத்த சத்தம், இன்னும் ஒரு மயிரிழை தள்ளினா திடீர்னு தந்தி வாயைத் திறந்துடும், கூட நாலு பேர் சேர்ந்து பாடுற மாதிரி. முதல் தடவை அது நடந்தப்ப ராத்திரி பதினொண்ணு, தந்தியை நிறுத்தவே மனசில்லாம உக்காந்திருந்தேன்.

பஜனைக்கு எடுத்துட்டுப் போகணும்னா ஆம்ப் வேணும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின பியசோ டிஸ்க் (அதிர்வை மின்சாரமா மாத்துற வட்டத் தகடு) ஒண்ணை குதிரைக்கு அடில ஒட்டி, எல்எம்386 ஐசி வச்ச குட்டி ஆம்ப்ல மாட்டினா தகர டப்பா சத்தம். பியசோன்னாலே அப்படித்தான்னு சொல்லுவாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். அந்த 27 எம்எம் டிஸ்க் சுமார் 20 நானோஃபாரட் கெப்பாசிட்டர் மாதிரி, அதை நேரா ஆம்ப்போட 10 கிலோஓம் வால்யூம் பாட்ல குடுத்தா 800 ஹெர்ட்ஸுக்குக் கீழ போகப் போக எல்லாம் தேஞ்சு போயிடும். ஒரு கட்டை சட்ஜமே 130 ஹெர்ட்ஸ்தான், அப்புறம் எங்க கேக்கும்? நடுவுல டிஎல்072 ஐசில ஒரு பஃபர் (டிஸ்க்குக்கு பாரம் குடுக்காம சிக்னலை வாங்கி ஆம்ப்புக்கு அனுப்புற சர்க்யூட்) போட்டு இன்புட்டுக்கு 1 மெகாஓம் குடுத்தேன், கணக்குப்படி 8 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கணும். மாட்டின உடனே மந்தரம் மேசையை அதிர வச்சுது. அதே டிஸ்க், அதே பசை! செய்யறவங்க ஒண்ணு கவனிங்க, டிஸ்க்கோட வெள்ளை நடுப்பகுதில ஈயம் வைக்கும்போது ஒரு செகண்டுக்கு மேல சால்டரிங் அயர்ன் நிக்கக் கூடாது, எனக்கு ரெண்டு டிஸ்க்ல அந்தப் பூச்சே உரிஞ்சு வந்துடுச்சு.

இங்க இன்னொரு தொல்லை உப்புக்காத்து. ஸ்டீல் தந்தி சீக்கிரம் துரு ஏறிடுது, மீட்டினப்புறம் காஞ்ச துணியால துடைச்சு மூடி வைக்கிறேன்.

பொங்கலுக்கு ஊருக்கு எடுத்துட்டுப் போய் ஆம்ப் இல்லாம சும்மா மீட்டினேன். ஆயா பலகை மேல உள்ளங்கையை வச்சு, எடுக்காம உக்காந்திருந்தாங்க. "கிணத்தடி மரமாடா இது?"ன்னு ரெண்டு தரம் கேட்டாங்க. ஆமா ஆயான்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "பரண்ல இன்னும் ஒரு பலகை கெடக்கு, போறப்ப எடுத்துக்கிட்டுப் போ"ன்னாங்க.

பஸ்ல மடில வச்சு எடுத்துட்டு வந்தேன். இதுல மேல்பலகை 6 எம்எம், அடுத்ததை 4க்கு இழைச்சுப் பாக்கணும்.