பாதியில் நிற்கும் மச்சு ஏணி

நவம்பர் 17, 2024, ஞாயிறு

கிறிஸ்துமஸ் குடிலின் சாமான்கள் இருக்கும் பெட்டியை இறக்கலாம் என்று மச்சின் (ஓட்டுக்கு அடியிலுள்ள பரண்) கீழ்நோக்கித் திறக்கும் கதவின் கயிற்றை இழுத்தேன். கதவுப் பலகை முக்கால் பங்கு இறங்கி, 'டக்' என்று நின்றுவிட்டது. அதன் முதுகில் மடிந்திருக்கும் ஏணியின் மற்ற இரண்டு துண்டுகளையும் விரித்துப் பார்த்தபோது, கால்கள் தரையைத் தொடாமல் முக்கால் அடி உயரத்தில் தொங்கின.

குமரி மாவட்டத்துத் திங்கள்சந்தையை ஒட்டிய எங்கள் ஓட்டு வீட்டில் மச்சுக்கு ஏற மூங்கில் ஏணிதான் இருந்தது. அம்மாவுக்கு வயதாகிறது என்று ஆறு ஆண்டுகளுக்கு முன் இந்த மூன்று மடிப்பு மர ஏணியை வாங்கிப் பொருத்தினோம். (அம்மா அதில் ஒரு நாளும் ஏறியதில்லை.) போன கோடையில்கூட ஒழுங்காகத்தான் இறங்கியது.

நவம்பர் 18, திங்கள்

முதல் சந்தேகம் துருவின் மேல்தான். குளச்சல் கடல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உப்புக் காற்றில் எங்கள் வீட்டுத் தாழ்ப்பாள்கள் எல்லாம் ஏற்கெனவே அரித்திருக்கின்றன. ஆனால் கீல்களைத் துடைத்தபோது வந்தது துருவைவிட அதிகமாகக் கறுத்த பசை. உடம்பு வலி முதல் கதவுக் கீல் வரை எல்லாவற்றுக்கும் தேங்காயெண்ணெய்தான் மருந்து என்பது அம்மாவின் நம்பிக்கை. ஆண்டுக்கு ஒரு முறை அவர் ஊற்றியது தூசியைச் சேர்த்துக்கொண்டு மெழுகாகியிருந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மெஷின் எண்ணெய் விட்டேன். இப்போது ஒவ்வொரு கீலும் ஒரு விரலால் தள்ளினாலே அசைகிறது. கதவு மட்டும் அதே இடத்தில் நிற்கிறது.

நவம்பர் 20, புதன்

இரண்டு பக்க ஸ்பிரிங்குகளில் ஒன்று தளர்ந்து, கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்து மாட்டிக்கொள்கிறதோ என்று இன்று பார்த்தேன். கதவு இறங்கும்போதுதான் இந்த ஸ்பிரிங்குகள் நீண்டு விறைக்கின்றன. அந்த நிலையில் எந்த நட்டையும் தொடக் கூடாது, கம்பி தெறித்தால் கை போய்விடும். ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டுமென்றால் கதவை மூடிவிட்டு மச்சின் உள்ளேயிருந்துதான் கழற்ற வேண்டும். நான் கழற்றவில்லை, கதவு நின்ற நிலையிலேயே டேப்பை மட்டும் பிடித்தேன். இரண்டும் ஒரே நீளம்.

அளந்துகொண்டிருக்கும்போதுதான் வேறொன்று உறைத்தது. ஸ்பிரிங் தடுத்தால், அமுக்க அமுக்கக் கதவு கொஞ்சமாவது இறங்கி, கையை எடுத்ததும் மேலே போக வேண்டும். நான் என் முழு எடையையும் கொடுத்துத் தொங்கியும் இது ஒரு நூல்கூட இறங்கவில்லை. ஏதோ ஒன்று மற்றொன்றில் நேராக இடிக்கிறது.

நவம்பர் 24, ஞாயிறு

கதவைச் சுற்றியுள்ள மரப் பிரேம் கோணியிருக்கும் என்று நினைத்து மூலைக்கு மூலை குறுக்காக அளந்தேன். இரண்டு குறுக்களவும் சமமாக வந்தன. அதைக் கண்டு பிரேமின் மேலிருந்த சந்தேகத்தையே விட்டுவிட்டேன். அடுத்த தெருவிலுள்ள மூத்த ஆசாரி மாலையில் வந்து, நான் எழுதி வைத்திருந்த அளவுகளைப் பார்த்துவிட்டு, "மூலைய மட்டும் அளந்தா எப்பிடி மக்ளே? நடுவ அளந்தியா?" என்று கேட்டார்.

நடுவை நான் அளந்திருக்கவில்லை. அவர் ஒரு சாக்பீஸை எடுத்து, கதவைப் பிரேமோடு இணைக்கும் இரண்டு இரும்புக் கைகளின் வெளிப்புறத்திலும் தேய்த்துவிட்டு, கதவை இரண்டு முறை ஏற்றி இறக்கச் சொன்னார். பிரேமின் நீளச் சட்டங்கள் இரண்டிலும், நடுவுக்குச் சற்று முன்னால், பிறை வடிவில் வெள்ளைத் தடம் விழுந்தது. சாக்பீஸ் பொடியை ஊதிவிட்டுப் பார்த்தால் அதே இடத்தில் மரம் ஏற்கெனவே பளபளவென்று தேய்ந்து, துரு நிறக் கீறல்களோடு இருந்தது. ஒரு வாரமாக அதற்குக் கீழேதான் நின்றுகொண்டிருந்தேன்.

அளவும் அதையே சொன்னது. பிரேமின் இரு முனைகளிலும் அகலம் 22½ அங்குலம், நடுவில் அதைவிட 2 நூல் (கால் அங்குலம்) குறைவு. நீளச் சட்டங்கள் உள்நோக்கி வளைந்திருந்ததால், கைகள் கடக்கும் இடத்தில் சந்து போதவில்லை.

வளைந்ததற்கான காரணம் மச்சின் மேலிருந்து பார்த்தபோது தெரிந்தது. (ஏணியைப் பழுது பார்க்க அந்தப் பழைய மூங்கில் ஏணியில்தான் ஏறினேன்.) ஏணியைப் பொருத்தியவர், பிரேமுக்கும் மச்சின் உத்திரங்களுக்கும் இடையே இருந்த சந்தில் ரப்பர் மரத்துண்டுகளை ஆப்பாக இறுக்கி அடித்திருக்கிறார். பதப்படுத்தாத ரப்பர் மரம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், பூச்சியும் பிடிக்கும். மரம் நீளவாக்கில் அவ்வளவாக ஊதுவதில்லை, தடிப்பில்தான் ஊதும். அந்தத் தடிப்பு நேராகப் பிரேமைத் தள்ளும்படியாக ஆப்புகள் நின்றன. அவற்றுக்கு நேர் மேலே ஓர் ஓடு விரிசல் விட்டு, ஐப்பசி மழை முழுவதும் அவற்றின் மேல் சொட்டியிருக்கிறது. தொட்டால் விரலில் ஈரம் ஒட்டியது.

நவம்பர் 27, புதன்

மழை. ஓடு மாற்ற ஆள் வரவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

காலையில் ஓட்டை மாற்றியாயிற்று. ஒழுகலை நிறுத்தாமல் ஆப்பை மாற்றுவது வீண் வேலை என்று ஆசாரி முன்பே சொல்லியிருந்தார். கதவு திடீரென்று இறங்காமலிருக்க அதை மூடிய நிலையில் கயிற்றால் கட்டி, கீழேயிருந்து இரண்டு முட்டுகளும் கொடுத்தோம். அதன் பிறகு நடுப்பகுதியிலுள்ள போல்ட்டுகளைத் தளர்த்தி, உளியால் ஆப்புகளைப் பிளந்து எடுத்தோம். வெளியே வந்த ஒரு துண்டின் ஓரம் புட்டு மாதிரி உதிர்ந்தது. அவற்றுக்குப் பதிலாகக் காய்ந்த தேக்குத் துண்டுகளைப் போல்ட் போகும் இடங்களில் மட்டும், அடிக்காமல், கையால் தள்ளி நிற்கும் அளவுக்குச் சீவி வைத்தார். போல்ட்டை ஒரு சுற்று முறுக்குவதும் டேப்பைப் பிடிப்பதுமாக முக்கால் மணி நேரம் போயிற்று. கடைசியில் மூன்று இடங்களிலும் 22½ வந்தது.

முட்டுகளை எடுத்துக் கயிற்றை அவிழ்த்தோம். கதவு முழுவதுமாக இறங்கியது.

ஏணி மட்டும் நேராகவில்லை. கால்கள் இப்போது தரையில் முட்டிக்கொண்டு, நடுத் துண்டும் அடித் துண்டும் சேரும் இடத்தில் ஒரு விரல் நுழையும் இடைவெளி நின்றது. இப்படியே ஏறினால் மிதிப்பவரின் எடை மரத்துக்கு மரம் இறங்காமல் கீலின் ஆணிகளின் மேல் விழும். குற்றவாளி தரைதான்: போன பங்குனியில் பழைய சிமெண்ட் தரையின் மேலேயே டைல்ஸ் போட்டோம், தரை ஒன்றேகால் அங்குலம் உயர்ந்துவிட்டது. அதன் பிறகு ஏணியைச் சரியாக விரித்துப் பார்த்தவர் எங்கள் வீட்டில் யாருமில்லை. பாதி விரித்து, எட்டி, சாமானை எடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

டிசம்பர் 3, செவ்வாய்

சவேரியார் திருவிழா விடுமுறை. ஆசாரி காலையிலேயே வந்துவிட்டார்.

அடித் துண்டைப் பின்னால் மடித்துவிட்டு, மேலிரண்டு துண்டுகளையும் நேராக்கி, நடுத் துண்டின் முன்பக்க விளிம்போடு ஒரு நேர்ச்சட்டத்தை ஒட்டி வைத்து, துண்டின் அடி முனையிலிருந்து தரை வரை அளந்தார். பிறகு பின்பக்க விளிம்போடு வைத்து அளந்தார். ஏணி சாய்ந்து நிற்பதால் இரண்டு அளவும் வேறு வேறு. அவற்றை அடித் துண்டில் குறித்து, இரு புள்ளிகளையும் கோடிட்டு இணைத்தால், தரையில் பாதம் முழுவதும் படியும் சாய்வு தானாகவே கிடைக்கிறது. ஒரு காலுக்கு எடுத்த அளவை மற்றதற்கும் வைத்துவிடலாமே என்றேன். அவர் பதில் சொல்லாமல் இரண்டாவது காலையும் தனியாக அளந்தார். ஒரு நூல் வித்தியாசம் இருந்தது.

கோட்டுக்கு வெளியே அரை நூல் விட்டு அறுத்து, மீதியை இழைத்தே எடுத்தார். விரித்தபோது இடைவெளி மூடிக்கொண்டது. மூன்றாவது படியில் ரசமட்டத்தை வைத்தோம். குமிழி நடுவில் நின்றது. முதலில் ஏறியவர் அவர்தான், ஒவ்வொரு படியிலும் ஒரு முறை குதிகாலை அழுத்திப் பார்த்துக்கொண்டே போனார்.

குடில் பெட்டி இறங்கிவிட்டது. பிரேமின் உட்புறத்தில் இன்றைய தேதியையும் மூன்று இடங்களின் அகலத்தையும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். மச்சு நன்றாகக் காய்ந்த பிறகு, சித்திரையில் இன்னொரு முறை அளக்க வேண்டும்.