தூள் வேலைக்கு ஓர் இடம்: நாட்குறிப்பு

ஒக்டோபர் 6

நாங்கள் விற்கும் கறித்தூளுக்கான மிளகாயை வீட்டின் பின்பத்தியில் இனி வறுக்க முடியாது. கொக்குவிலில் எங்கள் வளவு இரண்டு பரப்புத்தான். காற்றுத் திரும்பினால் வறுக்கும் நெடி வேலியைத் தாண்டிவிடுகிறது. அயலவர்கள் பொறுத்துப் போகிறார்கள் என்பதற்காகத் தொடர்ந்து சோதிப்பது அழகல்ல. கனடாவுக்கும் லண்டனுக்கும் போகும் பொதிகள் பெருகியதில் கொத்தமல்லிச் சாக்குகள் விறாந்தைக்கு வந்துவிட்டன. காங்கேசன்துறை வீதியில் முகப்புள்ள கடையாக எடுக்கலாம் என்பது என் கணவருடைய எண்ணம். எங்கள் கறித்தூளை வாங்குகிறவர்கள் தொலைபேசியில் சொல்லி எடுப்பிக்கிறார்களே தவிர, நடந்து வந்து வாங்குவதில்லை. முகப்புக்கென்று கொடுக்கும் வாடகை வீண் என்பதே என் கட்சி.

ஒக்டோபர் 11

கஸ்தூரியார் வீதிக்கு அருகில் ஒரு மேல்மாடி பார்த்தோம். படி செங்குத்து, லொறி நிறுத்த இடமில்லை. மல்லிச் சாக்கை யார் தூக்குவது? விட்டுவிட்டோம்.

ஒக்டோபர் 19

அச்சுவேலிக் கைத்தொழில் பேட்டையைப் பற்றி விசாரித்தேன். இரைச்சலுக்கும் நெடிக்கும் யாரும் குறை சொல்லாத இடம், இயந்திரங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட நிலம். ஆனால் எங்களிடம் வேலை செய்யும் பெண்கள் கொக்குவிலிலும் தாவடியிலும் இருந்து சைக்கிளில் வருகிறவர்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருமுன் வீடு திரும்ப வேண்டியவர்கள். வறுவலின் பதத்தை மணத்தாலேயே அறியும் கைகளை இழந்துவிட்டு நல்ல கட்டடத்தில் குடியேறி என்ன பயன்? வாடகையைக் கணக்கிடும்போது அவர்களுடைய பயணத்தையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்.

ஒக்டோபர் 27

இரவு முழுவதும் மழை. அரியாலையில் பார்த்து வைத்த வீட்டுக்கு, மழை விட்டதும் வேண்டுமென்றே போனேன். யாழ்ப்பாணத்தின் மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையில் கொட்டித் தீர்வதால், பங்குனியில் பார்த்த வீடு தன் குணத்தைக் காட்டாது. புதிதாக வெள்ளையடித்த களஞ்சிய அறையின் சுவரில், முழங்காலளவு உயரத்தில், பழுப்பாக ஒரு கோடு ஓடியது. விரலால் அழுத்தினேன், சுண்ணாம்பு ஈரமாகப் பெயர்ந்து நகத்துக்குள் புகுந்தது. ஈரம் பிடித்த மிளகாயில் பூஞ்சணம் வந்தால் அஃப்ளாடொக்சின் என்னும் நஞ்சு உண்டாகும். அதை வறுத்தும் முற்றாக நீக்க முடியாது. மலகூடக் குழியும் கிணற்றுக்கு மிகக் கிட்ட இருந்தது. அடியில் சுண்ணாம்புக்கல் உள்ள நம்முடைய மண்ணில் குழியின் கழிவு வெடிப்புகள் வழியே கிணற்றுக்கு வந்து சேர அதிக நாள் எடுக்காது.

நவம்பர் 2

இணுவிலில் முன்பு புகையிலை அடுக்கிய களஞ்சியம் ஒன்று மலிவாகக் கிடைத்தது. காய்ந்த, காற்றோட்டமான இடம். சந்தேகம் தீராமல் ஒரு கடதாசிப் பையில் தூளை இட்டு இரவு அங்கே வைத்தேன். காலையில் முகர்ந்தபோது பெருஞ்சீரகத்துக்கு முன் புகையிலைதான் மூக்கில் ஏறியது. அந்தக் கதையும் முடிந்தது.

நவம்பர் 9

கோண்டாவிலில் வெங்காயம் வைத்திருந்த ஒரு களஞ்சியம். தரை நிலமட்டத்திலிருந்து உயர்ந்தது, கூரைக்குக் கீழே காற்றுப் போக வழி விட்டிருக்கிறார்கள், லொறி பின்பக்கமாக வந்து வாசலோடு நிற்கும். சாக்கு ஒரு வாசலால் வந்து, காய்தல், வறுத்தல், அரைத்தல் என்று நேரே போய், பொதியாக மற்ற வாசலால் வெளியேறலாம். பச்சைச் சரக்கும் முடிந்த தூளும் ஒன்றையொன்று சந்திக்காது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முதலில் பார்ப்பது இதைத்தான்.

குறை மின்சாரத்தில் இருக்கிறது. ஒருமுனை இணைப்புத்தான் உண்டு. எங்கள் அரைக்கும் இயந்திரத்துக்கு மும்முனை இணைப்பு வேண்டும். கம்பி எவ்வளவு தூரம் இழுக்க வேண்டும் என்பதைப் பொறுத்து மின்சார சபை மதிப்பீடு தரும். அந்தச் செலவில் போடும் இணைப்பு நாங்கள் போன பின்பும் கட்டடத்தோடு நிற்பதால், அதில் ஒரு பங்கை வாடகையில் கழிக்கும்படி கேட்டிருக்கிறேன். வியாபார உரிமத்துக்கும் சுற்றாடல் அனுமதிக்கும் என்னென்ன வேண்டுமென்று பிரதேச சபையில் கேட்டறியாமல் கையெழுத்து வைப்பதில்லை.

நவம்பர் 15

உரிமையாளர் கனடாவில். இங்கே வளவைப் பார்த்துக்கொள்ளும் மாமா, "பிள்ளை, நீங்கள் முற்பணத்தைத் தாங்கோ, கடிதம் ஒண்டு எழுதித் தாறன், தம்பி ஒண்டும் சொல்ல மாட்டான்" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, பத்திரம் எழுதும் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படாவிட்டால் செல்லாது என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே சொல்கிறது. உரிமையாளருக்காக மற்றொருவர் கையெழுத்திடுவதானால் அற்றோணி, அதாவது உரிமையாளர் எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம், வேண்டும். உரிமையாளர் இறந்தால் அந்த அற்றோணியும் முடிந்துவிடும். ஆகவே குத்தகையை மூன்று ஆண்டுக்கு இப்போதே உறுதிப் பத்திரமாக எழுதி, சோலைவரி (கட்டடத்துக்கான உள்ளூராட்சி வரி) யார் கட்டுவது, மும்முனை இணைப்பின் செலவு எப்படிக் கழிவது என்பவற்றை உறுதியிலேயே சேர்க்கும்படி நொத்தாரிசிடம் கேட்டிருக்கிறேன்.

மாமாவுக்குச் சற்று மனத்தாங்கல். "அற்றோணி வந்த அன்றே முற்பணம் தருகிறேன், மாமா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுவரை பின்பத்தியில் வறுவலைப் பாதியாகக் குறைத்து, காற்று வடக்கிலிருந்து வீசும் நாள்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம்.