பால் இல்லாத கொங்குச் சமையல்: கடலைத் தயிர் முதல் முந்திரிக் காபி வரை

மகள் பால், தயிர், நெய் மூன்றையும் விட்டுவிட்டாள். எங்கள் வீட்டில் கறியும் முட்டையும் எப்போதுமே கிடையாது. அதனால் சைவத்திலிருந்து வீகனுக்கு, அதாவது பால், தேன் உட்பட விலங்கிலிருந்து வருவது எதுவும் சேர்க்காத சாப்பாட்டுக்கு, போவது ஒரு படிதானே என்று நினைத்தேன். ஒரு படிதான், ஆனால் அந்தப் படியில் தயிர்ச்சட்டி உட்கார்ந்திருக்கிறது.

ஈரோட்டுப் பக்கத்துச் சாப்பாட்டில் பால் எங்கெல்லாம் வருகிறது என்று முதலில் கணக்குப் பார்த்தேன். கொள்ளுப் பருப்புக் கடைசல், கொள்ளு ரசம், தட்டைப்பயறுக் குழம்பு, கத்தரிக்காய்க் கடைசல், கீரை மசியல், பொரியல், துவையல் எதிலும் இல்லை. இட்லி, தோசை, ராகிக் களி, அடை, பணியாரத்திலும் இல்லை. விருந்தாளி வந்தால் பிழிகிற சந்தகைக்கு (இடியாப்பம் மாதிரியானது) தேங்காய்ப்பால்தான். கம்மங்கூழுக்கு மோர் ஊற்றுவோம், ஆனால் நீராகாரம் ஊற்றி, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்தாலும் அது குறைந்துபோவதில்லை. கடைசியில் பார்த்தால் நான்கே இடம்தான் சிக்கல்: மேலே விடுகிற நெய், கடைசிச் சாதத்துக்குத் தயிர், மோர்க்குழம்பு, காலைக் காபி. மீதி எல்லாம் அம்மா காலத்திலிருந்தே வீகன்தான். அந்தப் பெயர்தான் யாருக்கும் தெரியாது. வீகன் என்ற பெயரே 1944-ல் இங்கிலாந்தில் வைத்ததுதான்.

நெய் விஷயம் சீக்கிரம் முடிந்துவிட்டது. சோதனைக்கு எடுத்துக்கொண்டது அரிசி பருப்பு சாதம். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு. சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, வரமிளகாய், சீரகம், மிளகு தாளித்து, மஞ்சள் தூள் போட்டுக் குக்கரில் வைப்பது. எப்போதும் இறக்கியதும் ஒரு கரண்டி நெய் விடுவேன். இப்போது மரச்செக்குக் கடலெண்ணெயில் தாளித்து, இறக்கிய பிறகு பச்சைத் தேங்காய் எண்ணெய் ஒரு ஸ்பூன் விடுகிறேன். சூட்டில் வாசம் கிளம்பும்போது யாரும் நெய்யைக் கேட்பதில்லை. வெண்பொங்கல் மட்டும் அவ்வளவு எளிதாக ஒத்துக்கொள்ளவில்லை. தேங்காய் எண்ணெயில் செய்தால் அதன் வாசம் மிளகையும் சீரகத்தையும் அமுக்கிவிடுகிறது. நல்லெண்ணெயும் கொஞ்சம் கூடுதலாக முந்திரியும் போட்டால் பரவாயில்லை. பருப்புப் பொடி சாதத்துக்கு நல்லெண்ணெய் நெய்யைவிட மேல் என்பது என் பழைய கட்சி. இப்போது அதற்கு ஆதரவு கூடியிருக்கிறது.

இனி தயிர்.

பச்சை நிலக்கடலை, அதாவது வறுக்காதது, ஒரு டம்ளர். ஊற வைப்பதற்கு முன் தாம்பாளத்தில் பரப்பிப் பொறுக்க வேண்டும். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை தொட்டது எல்லாவற்றையும் வீசிவிட வேண்டும், பாவம் பார்க்கக் கூடாது. கடலையில் பிடிக்கிற ஒருவகைப் பூஞ்சை அஃப்லாடாக்சின் என்கிற நஞ்சை விடும், அது ஈரலுக்குக் கெடுதல், கொதிக்க வைத்தாலும் போகாது. பொறுக்கியதை ராத்திரி முழுக்க ஊற வைத்து, காலையில் கையால் கசக்கினால் சிவப்புத் தோல் கழன்று வரும். தோலோடு அரைத்தால் பாலுக்கு ஒரு சாம்பல் நிறமும், நாக்கின் அடியில் லேசான துவர்ப்பும் வருகிறது. அதனால் பொறுமையாக உரித்துவிடுவதே நல்லது.

மிக்ஸியில் இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டு நைசாக அரைத்து, வெள்ளை வேட்டித் துணியில் பிழிய வேண்டும். சக்கையில் இன்னொரு டம்ளர் தண்ணீர் விட்டு இன்னொரு முறை அரைத்துப் பிழியலாம். மிஞ்சுகிற சக்கையை அடை மாவில் கலந்துவிடுகிறேன். அடை ஓரத்தில் மொறுமொறுப்பு கூடுகிறது. பாலை அடி கனத்த பாத்திரத்தில் ஊற்றிக் கரண்டி எடுக்காமல் கிளற வேண்டும். மாட்டுப்பால் மாதிரி விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போக முடியாது. கடலைப் பால் சூடேற ஏறக் கெட்டியாகி அடியில் ஒட்டும். நுரைத்து மேலே வந்த பிறகு தீயைக் குறைத்து ஐந்து நிமிடம் கொதித்தால் பச்சை வாசம் போய்விடும்.

உறை ஊற்ற மாட்டுத் தயிர் கூடாது என்பதால் பச்சை மிளகாய்க் காம்பு. மிளகாயைக் கழுவி, தொப்பியோடு காம்பைக் கிள்ளி, பத்துப் பன்னிரண்டு காம்புகளை வெதுவெதுப்பான பாலில் அமுக்கிவிட வேண்டும். விரல் வைத்தால் சுடக் கூடாது, குளிரவும் கூடாது. காம்பின் மேல் இயல்பாகவே ஒட்டியிருக்கிற லாக்டிக் அமில பாக்டீரியாதான் இங்கே உறை. உறை மோர் தீர்ந்துபோன வீடுகளில் மாட்டுப்பாலுக்கே இப்படிச் செய்வது உண்டு. எங்கள் ஊர் வெயிலில் ஒரு ராத்திரி போதும்.

காலையில் மூடியைத் திறந்தபோது கண்ணில் பட்டது: மேலே மங்கலான வெள்ளையில் ஒரு கெட்டிப் படலம், அதில் ஊசி குத்திய மாதிரி சின்னச் சின்ன ஓட்டைகள், பாத்திரத்தைச் சாய்த்தால் அடியில் தெளிந்த மஞ்சள் தண்ணீர். ஸ்பூனால் எடுத்தால் தயிர் மாதிரி வெட்டுப்பட்டு வரவில்லை. நொய்யரிசிக் கஞ்சி ஆறியது போலத் தளதளவென்று வந்தது. புளிப்பு இருந்தது. மிளகாய்ச் செடி வாசமும் இருந்தது. அதை அப்படியே சாப்பிடுவதற்கு இல்லை, அடுத்த உறைக்கு வைத்துக்கொள்வதற்கு. அந்த முதல் தயிரில் ஒரு ஸ்பூன் எடுத்துப் புதுப் பாலில் கலந்தால் அடுத்தது இன்னும் நன்றாக உறைகிறது, மிளகாய் வாசமும் அடங்குகிறது. பாக்டீரியா பெருகிவிட்டதால் நேரமும் குறைகிறது. காலையில் உறை ஊற்றினால் மாலையிலேயே எடுக்க வேண்டியிருக்கிறது. விட்டுவிட்டால் தண்ணீர் தனியாகப் பிரிந்து, புளிப்பு ஏறிவிடும்.

எவ்வளவு நன்றாக உறைந்தாலும் எருமைத் தயிர் போலக் கட்டியாக வராது. மாட்டுப்பாலில் கேசீன் என்கிற புரதம் புளித்ததும் வலை போலக் கோத்துக்கொள்ளும். கடலைப் புரதம் அவ்வளவு இறுக்கமாகக் கோப்பதில்லை. கெட்டியாக வேண்டுமென்றால் துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிடுவதுதான் வழி. கடலையில் கால் பங்கைக் குறைத்து முந்திரி சேர்த்தால் நிறம் வெளுக்கிறது, கடலை வாசமும் குறைகிறது, ஆனால் செலவு கூடுகிறது. தேங்காய்ப்பாலிலும் உறைய வைத்துப் பார்த்தேன். வெளியே வைத்தால் சுவை நன்றாகத்தான் இருக்கிறது, ஃபிரிட்ஜில் வைத்தால் மேலே எண்ணெய்ப் பசை கட்டியாகி, கீழே தண்ணீர் நின்றுவிடுகிறது. பச்சடிக்கு ஆகாது. அன்றே செய்து அன்றே தீர்க்க முடிந்தால் வைத்துக்கொள்ளலாம்.

இந்தத் தயிர் உண்மையில் ஜெயித்தது மோர்க்குழம்பில். ஒரு ஸ்பூன் துவரம்பருப்பும் ஒரு ஸ்பூன் பச்சரிசியும் ஊற வைத்து, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய், ஒரு துண்டு இஞ்சியோடு அரைத்துக்கொண்டேன். வெண்பூசணியைத் தனியாக மஞ்சள் தூள், உப்புப் போட்டு வேக வைத்து, அரைத்ததைக் கொதிக்கவிட்டு, கடைந்த தயிரைக் கடைசியில் ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிட்டேன். அரிசியும் பருப்பும் விடுகிற மாவுச்சத்து தயிர் திரியாமல் பிடித்துக்கொள்கிறது. இது எந்தத் தயிருக்கும் பொருந்தும். ஒரே வித்தியாசம், கடலைத் தயிர் சூட்டில் இன்னும் கெட்டிப்படும், அதனால் வழக்கத்தைவிட அரை டம்ளர் தண்ணீர் கூடுதலாக விட வேண்டும். தேங்காய் எண்ணெயில் கடுகு, வெந்தயம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டிய பிறகு, சொன்னால் ஒழிய யாருக்கும் தெரியாது. தேங்காயும் கடலையும் ஏற்கெனவே சினேகம் என்பதால் இருக்கலாம்.

தயிர்சாதம் அப்படியில்லை. தயிர்சாதத்தில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. அத்தை ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, "ஏன் அம்மிணி, புளிச்ச கடலைப் பாலுக்குத் தாளிச்சுக் கொட்டுனாத் தயிர் ஆயிருமா?" என்று பேத்தியைக் கேட்டார். "இன்னொரு வாய் சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க அப்பத்தா" என்றாள் அவள். இன்னொரு வாய் சாப்பிட்டார். கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அவர் சொன்னது சரிதான் என்பதால் முறையை மாற்றினேன். சாதத்தைக் குழைய வேக வைத்து, சூட்டிலேயே காய்ச்சிய கடலைப் பால் விட்டு மசித்து, ஆறிய பிறகு துணியில் வடித்த தயிரைக் கலப்பது. பெருங்காயத்தைக் கொஞ்சம் தாராளமாக, இஞ்சியைப் பொடியாக நறுக்கி, மாங்காய்த் துருவல் ஒரு கை. மாங்காய் சேர்ந்த பிறகு புளிப்பு எங்கிருந்து வருகிறது என்று நாக்குத் தேடுவதில்லை. அத்தை இப்போது சாப்பிடுகிறார். அவருக்கென்று அரை லிட்டர் பால் பாக்கெட் தனியாக வந்துகொண்டுதான் இருக்கிறது, அதை நிறுத்தும் எண்ணம் எனக்கும் இல்லை, மகளுக்கும் இல்லை.

பன்னீருக்குப் பதில் டோஃபு. கடையில் கிடைப்பதைவிட வீட்டில் செய்வது மலிவு. சோயாவை எட்டு மணி நேரம் ஊற வைத்து, கொதிக்கிற தண்ணீர் விட்டு அரைத்தால் அந்தப் பச்சைப் பயறு நாற்றம் பாதியாகக் குறைகிறது. பச்சைத் தண்ணீரில் அரைக்கும்போது சோயாவில் உள்ள ஒரு நொதி வேலை செய்துதான் அந்த நாற்றம் வருகிறதாம், சூடு அதை அடக்கிவிடுகிறது. வடித்த பாலை நன்றாகப் பத்து நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும். சோயாவைப் பச்சையாகச் சாப்பிட்டால் செரிக்காது. அடுப்பை அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டு, எலுமிச்சைச் சாறு விட்டால் திரளும். துணியில் கட்டி மேலே தண்ணீர் நிரப்பிய சொம்பை வைத்துவிடுவேன். மிளகு, சின்ன வெங்காயம் போட்டு வறுத்தால் மகள் தட்டைக் காலி செய்கிறாள். எனக்கு அதில் பெரிய ஆசை இல்லை. தட்டைப்பயறு இருக்கும்போது இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றும்.

கடையில் வாங்குகிற பொருளில்தான் கண் வைக்க வேண்டியிருக்கிறது. பாக்கெட்டில் இருக்கிற பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டும்தான் சொல்லும். பாலும் தேனும் சேர்ந்தாலும் அதே பச்சைப் புள்ளிதான். வீகன் உணவுக்கென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2022-ல் தனி விதிமுறை கொண்டுவந்து, பச்சை நிறத்தில் தனி முத்திரையும் வைத்திருக்கிறது. ஆனால் எங்கள் மளிகைக் கடையில் அந்த முத்திரை போட்ட பொருள் கண்ணில் படுவது அபூர்வம். அதனால் சேர்மானப் பட்டியலை வாசிப்பதுதான் வழி. பல பிஸ்கட்டுகளில் பால் பவுடர், சில மசாலா சிப்ஸில் கூட பால் பொருள். ஹோட்டலில் பொங்கலையும் ரவா கேசரியையும் கேட்காமலே தள்ளிவிடலாம். தோசைக்குக் கல்லில் எதைத் தேய்க்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

சத்துக் கவலையை ஒரு தடவை உட்கார்ந்து பேசிவிட்டோம். பருப்பும் பயறும் கடலையும் தினமும் இருப்பதால் புரதத்தைப் பற்றி யோசிக்கவில்லை. கால்சியத்துக்கு ராகி இருக்கிறது. நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல். எள்ளுத் துவையல், கீரையும் இருக்கிறது. பி12 வைட்டமின் மட்டும் செடிகொடி உணவில் நம்பும்படி கிடைக்காது. சைவக்காரர்களுக்கு அது வருவதே பாலிலும் தயிரிலும்தான். டாக்டரிடம் கேட்டு அவள் மாத்திரை எடுத்துக்கொள்கிறாள். கடலைத் தயிர் தயிரின் புளிப்பைத் தரும், பி12-ஐத் தராது.

காபி இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. சூடான டிகாக்ஷனில் சோயா பாலை விட்டால் உடனே திரிகிறது. டிகாக்ஷனின் புளிப்பும் சூடும் சேர்ந்து செய்கிற வேலை. பாலைச் சூடாக்கி, அதில் டிகாக்ஷனை மெல்ல ஊற்றினால் தப்பிக்கும், ஆனால் பயறு வாசம் காபியை ஜெயித்துவிடும். ஓட்ஸ் பால் வீட்டில் செய்தது அடுப்பில் ஏறியதும் கஞ்சியாகி வழவழக்கிறது. கடலைப் பாலில் போட்டால் காபி பாயசம் ஆகிவிடுகிறது. தேறியது முந்திரிப் பால். ஒரு டம்ளருக்குப் பத்து முந்திரியை வெந்நீரில் ஊற வைத்து நைசாக அரைத்தால் வடிகட்டவே வேண்டாம். சூட்டில் கெட்டிப்படும் என்பதால் முதலிலேயே நீர்க்க வைத்துக்கொள்ள வேண்டும். நுரை ஆற்றினால் வருகிறது, நிறமும் வருகிறது. தினமும் பத்து முந்திரி கட்டுப்படியாகாது என்பதால் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அது. மற்ற நாளில் அவள் கருப்பட்டி போட்ட சுக்குக் காபி குடிக்கிறாள், சில நாள் அதிலேயே தேங்காய்ப்பால் கொஞ்சம் விட்டுக்கொள்கிறாள். நான் என் டிகாக்ஷனில் அத்தையின் பாக்கெட்டிலிருந்து ஊற்றிக்கொள்கிறேன்.

இன்று ராத்திரிக்கு நிலக்கடலையும் சோயாவும் பாதிப் பாதி தனித்தனியாக ஊற வைத்திருக்கிறேன். சோயா புரதம் புளிப்பில் கடலையைவிட நன்றாக இறுகும் என்பதால், இரண்டையும் கலந்து பழைய கடலைத் தயிரில் ஒரு ஸ்பூன் உறை விட்டால், கரண்டியால் வெட்டி எடுக்கிற மாதிரி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் அடுத்தது தயிர்வடை.