உதிர்ந்தவற்றால் ஆன புகைக்கோல்

ஒரு புகைக்கோலைச் செய்து முடிக்க எனக்கு ஏறக்குறைய இரண்டு மாதங்கள் ஆகின்றன. கைவேலை ஒரு மாலைப்பொழுதுக்குள் அடங்கிவிடும். மற்ற நாட்களெல்லாம் மரம் காய்வதற்காகக் காத்திருப்பதிலேயே கழிகின்றன. கிண்ணத்தில் கனன்றுகொண்டிருக்கும் மூலிகையின் புகையை அறையின் மூலைகள் வரை விசிறிப் பரப்பும் இந்தக் கோலுக்கு ஒரு மரப்பிடி, ஒரு படிகம், சில இறகுகள் ஆகியவை போதும்.

தானே விழுந்த கிளையைத் தவிர வேறெதையும் நான் எடுப்பதில்லை. அப்படி விழுந்த கிளைக்குள்ளும் ஈரம் இருக்கும் என்பதை அறியாமல், என் முதல் கோலில் படிகத்தை வைத்துச் செம்புக் கம்பியை இறுக்கிச் சுற்றினேன். மரம் காயக் காயச் சுருங்கியதால் கம்பி தளர்ந்து, படிகம் தரையில் விழுந்து முனை உடைந்தது. அன்றுமுதல் கிளையை வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்ற பிறகே செதுக்கத் தொடங்குகிறேன்.

முனையில் பதிக்க எனக்குப் பிடித்த கல் குவார்ட்ஸ்தான். கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவுகோலில் அதன் மதிப்பு 7 என்பதால், அன்றாடம் கையாள்வதைத் தாங்கும். பால்போல் ஒளிரும் செலனைட் பார்வைக்கு அழகானது என்றாலும், அதன் மதிப்பு 2 மட்டுமே. நகம் பட்டாலே கீறல் விழும், ஈரத்தில் மேற்பரப்பு மெல்லக் கரையும். செவ்வந்திக்கல்லை வெயில் படும் சன்னலருகே வைத்தால் நாளடைவில் ஊதா நிறம் வெளுத்துவிடும்.

புகைக்காக எரிக்கப்படும் வெள்ளை சேஜ் என்ற மூலிகையை நான் பயன்படுத்துவதில்லை. தெற்குக் கலிபோர்னியாவிலும் அதை அடுத்த மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவிலும் மட்டுமே இயற்கையாக வளரும் அச்செடி, சுமாஷ், கவியா போன்ற பழங்குடி மக்களுக்குப் புனிதமானது. சந்தையின் தேவைக்காக அது காட்டு நிலங்களிலிருந்து மூட்டை மூட்டையாகத் திருடப்படுவதை அறிந்த பின், அதை விலைகொடுத்து வாங்க என் மனம் ஒப்பவில்லை. தொட்டியில் வளர்த்த ரோஸ்மேரியையும் லாவெண்டரையும் தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்திப் பருத்தி நூலால் கட்டுகிறேன். நைலான் நூல் உருகி நச்சுப்புகை விடும் என்பதால் அதைத் தொடுவதே இல்லை.

இறகு விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டப்படி, அந்நாட்டில் இயற்கையாக வாழும் பெரும்பாலான காட்டுப்பறவைகளின் இறகுகளை, அவை தரையில் உதிர்ந்து கிடந்தவையாயினும், அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம். உதிர்ந்த இறகு எது, கொன்று பறித்த இறகு எது என்று பார்த்துச் சொல்ல இயலாது என்பதால், இந்தக் கண்டிப்பு எனக்கு நியாயமாகவே படுகிறது. வளர்ப்புக் கோழிகள் உதிர்த்த இறகுகளே என் கோல்களுக்குப் போதும்; அவற்றின் பழுப்பு நிறம் செம்போடு நன்றாக இயைகிறது.

இப்போது அலமாரியில் காய்ந்துகொண்டிருக்கும் கிளை சென்ற வாரமும் ஐந்து கிராம் எடை குறைந்திருந்தது. அதற்கான குவார்ட்ஸ் இன்னும் துணிப்பையிலேயே இருக்கிறது.