ஏஜென்ட்டுக்கான அறிவுறுத்தல் கோப்பை மதிப்பிடக் கற்பவர்களுக்கு

கொடுத்த வேலையைத் தானே படிப்படியாகச் செய்து முடிக்கும் ஏஐ மென்பொருள்களான ஏஜென்ட்டுகளுக்காக எழுதப்படும் அறிவுறுத்தல் கோப்புகளின் தரத்தை மதிப்பிடும் பணிக்கு ஆள் எடுக்கும்போது, ஒரு கோப்பைக் கொடுத்து மதிப்பெண் இடச் சொல்லி, அதற்கான காரணத்தையும் எழுதச் சொல்கிறார்கள். அப்படியொரு தேர்வுக்குப் படித்துத் தேறி, இப்போது அதே பணியில் இருப்பவன் என்ற முறையில், தயாராகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கோப்பு படிப்பதற்கு நன்றாக இருக்கிறதா என்பது இங்கே கேள்வியே அல்ல. அந்தக் கோப்பு இருக்கும்போது ஏஜென்ட் செய்யும் வேலைக்கும், அது இல்லாதபோது செய்யும் வேலைக்கும் என்ன வேறுபாடு என்பதுதான் கேள்வி. நான் படித்த மற்ற எல்லாமே இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிட்டன.

கோப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரியாமல் மதிப்பிடத் தொடங்கக் கூடாது. ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் நிரலெழுதும் ஏஜென்ட்டான கிளாட் கோட் பயன்படுத்தும் கிளாட்.எம்டி (CLAUDE.md) கோப்பு, ஒவ்வோர் அமர்வின் தொடக்கத்திலும் முழுமையாக ஏற்றப்படுகிறது. பல கருவிகளுக்கும் பொதுவாக 2025-இல் அறிமுகமாகி, அதே ஆண்டு டிசம்பரில் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் அமைந்த ஏஜென்டிக் ஏஐ ஃபவுண்டேஷனிடம் ஒப்படைக்கப்பட்ட ஏஜென்ட்ஸ்.எம்டி கோப்பும் பெரும்பாலும் இதே பணியைத்தான் செய்கிறது. குறிப்பிட்ட ஒரு வகை வேலையைச் செய்யும் முறையை ஏஜென்ட்டுக்குச் சொல்லும் ஸ்கில்.எம்டி (SKILL.md) அப்படியல்ல. அதன் பெயரும், 1,024 எழுத்துகளுக்கு மிகாத விவரணையும் மட்டுமே முதலில் மாடலுக்கு, அதாவது ஏஜென்ட்டை இயக்கும் ஏஐ மொழி மாதிரிக்கு, தெரியும். தேவை என்று மாடல் முடிவு செய்த பிறகுதான் உள்ளடக்கம் திறக்கப்படும். ஆகவே முதல் வகையில் ஒவ்வொரு வரியும் எல்லா வேலைகளிலும் இடம் பிடிப்பதால், தேவையற்ற வரி உண்மையான குறையாகிறது. இரண்டாம் வகையில் உள்ளடக்கம் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், விவரணை மங்கலாக இருந்தால் அது திறக்கப்படாமலே போய்விடும்.

ஓர் எடுத்துக்காட்டு: ‘எக்செல் கோப்புகளைக் கையாள உதவும்’ என்ற விவரணையையும், ‘பல எக்செல் தாள்களை ஒன்றிணைத்து, இரட்டிப்பான வரிகளை நீக்கித் தரும், தாள்களைச் சேர்க்கவோ ஒப்பிடவோ பயனர் கேட்கும்போது பயன்படுத்துக’ என்ற விவரணையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டாவதில் என்ன செய்யும், எப்போது செய்யும் என்ற இரண்டும் உள்ளன. இதைச் சோதிக்க, திறக்கப்பட வேண்டிய கோரிக்கைகளை மட்டும் எழுதிப் பார்த்தால் போதாது. ‘இந்தத் தாளிலிருந்து ஒரு வரைபடம் போட்டுத் தா’ என்பதுபோல, நெருங்கி வந்தும் திறக்கப்படக் கூடாத கோரிக்கைகளையும் எழுதிப் பார்க்க வேண்டும். தேர்வில் நல்ல விடையைச் சாதாரண விடையிலிருந்து பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைக் கோரிக்கைகளே.

நிரல் திட்டங்களுக்கான கோப்புகளில்தான் கற்க வேண்டியது அதிகம். ‘தரமான, தெளிவான நிரலை எழுதவும்’ என்ற வரி எண்ணற்ற கோப்புகளில் இருக்கிறது. அதை நீக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது. ‘சோதனைகளை ஓட்டுவதற்கு முன் தரவுத்தளக் கண்டெய்னரை இயக்கவும், அது இயங்காவிட்டால் ஒருங்கிணைப்புச் சோதனைகள் பிழை காட்டாமல் தவிர்க்கப்பட்டுவிடும்’ என்ற வரியின் மதிப்பு வேறு. இந்த வரி இல்லாவிட்டால், ஏஜென்ட் சோதனையை ஓட்டி, எல்லாம் சரியாக இருப்பதாக நேர்மையாகவே அறிக்கை தரும். ஆனால் அந்த அறிக்கை தவறாக இருக்கும். நிரலை மேலோட்டமாகப் படிப்பதால் தெரிந்துகொள்ள முடியாததும், தெரியாவிட்டால் வேலை கெட்டுப்போவதுமான செய்தியை ஒரு கோப்பு எவ்வளவு தாங்கியிருக்கிறதோ, அவ்வளவுக்கு அது உயர்ந்தது என்பது என் துணிபு. காரணத்தையும் சேர்த்துச் சொல்லும் வரிக்குக் கூடுதல் மதிப்பெண் தருவதில் எனக்குத் தயக்கமே இல்லை; காரணம் தெரிந்தால், கோப்பில் எழுதப்படாத சூழலிலும் மாடல் சரியாக நடந்துகொள்ள வாய்ப்புண்டு.

மதிப்பீட்டாளர்களில் பலர் கோப்பை மட்டும் படித்துவிட்டு, திட்டத்தின் நிரல் கோப்புகள் எல்லாம் இருக்கும் ரெப்போவைத் திறக்காமலே மதிப்பெண் இட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி. கோப்பில் ‘என்பிஎம் ரன் டெஸ்ட்’ என்று சோதனையை ஓட்டும் கட்டளை இருந்தால், அத்தகைய கட்டளைகள் வரையறுக்கப்படும் பேக்கேஜ்.ஜேசன் கோப்பில் அந்தப் பெயரில் ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறிப்பிடப்பட்ட கோப்புறை இப்போதும் அதே இடத்தில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். காலாவதியான கட்டளை, கட்டளையே இல்லாததைவிடக் கேடானது, ஏனெனில் ஏஜென்ட் அதை நம்பிச் செயல்படும். முரண்களையும் தேட வேண்டும்: கமிட், அதாவது மாற்றத்தை ரெப்போவில் பதிவுசெய்வது, பற்றி மேலே ‘கமிட் செய்வதற்கு முன் அனுமதி கேட்கவும்’ என்றும், வெகு கீழே ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும் உடனே கமிட் செய்யவும்’ என்றும் இருந்தால், எதைப் பின்பற்றுவது என்பது ஒவ்வொரு முறையும் மாறும். கடவுச்சொற்கள், உறுதி கேட்காமல் எதையும் அழிக்கலாம் என்ற அனுமதி, கண்ணுக்குத் தெரியாத யூனிகோட் எழுத்துகளில் மறைக்கப்பட்ட கட்டளை ஆகியவற்றுள் எது இருந்தாலும், பிற சிறப்புகளைக் கணக்கில் எடுக்காமல் கோப்பை நிராகரித்துவிடலாம்.

அழுத்தச் சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. இணைய நெறிமுறை ஆவணங்களில் மஸ்ட் (கட்டாயம்), ஷுட் (பரிந்துரை), மே (விருப்பம்) என்ற சொற்களின் வலிமையை வரையறுத்த, மார்ச் 1997-இல் வெளியான ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணம், அச்சொற்களைச் சிக்கனமாகவே பயன்படுத்த வேண்டும் என்றும் கூறுகிறது. எல்லா வரிகளிலும் ‘கட்டாயம்’, ‘எப்போதும்’, ‘ஒருபோதும் கூடாது’ என்று எழுதப்பட்ட கோப்பில், உண்மையிலேயே மீறக் கூடாத விதி எது என்று மாடலால் பிரித்தறிய முடியாது. நீளத்துக்கும் எல்லை வேண்டும். நீண்ட உள்ளீட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள செய்தியை மாடல்கள் நன்கு பயன்படுத்துகின்றன என்றும், நடுவில் உள்ளதை அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை என்றும் 2023-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அது அக்கால மாடல்களைப் பற்றியதே எனினும், முக்கிய விதி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் இன்றும் பயன் தருகிறது.

ஓட்டிப் பார்க்கும்போது ஒரே முறையோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரே வேலைக்கு அதே ஏஜென்ட் வெவ்வேறு விடைகளைத் தரக்கூடும் என்பதால், கோப்புடனும் கோப்பில்லாமலும் பலமுறை ஓட்டி, எது எதனுடைய விடை என்பதை மறைத்துவிட்டு ஒப்பிட வேண்டும். ஒப்பிடும் வேலையை இன்னொரு மாடலிடம் ஒப்படைத்தால், அது முதலில் வைக்கப்பட்டதன் பக்கமோ நீளமானதன் பக்கமோ சாயலாம் என்பது 2023 முதலே ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. எனவே வரிசையை மாற்றி மறுபடியும் கேளுங்கள்.

விடை எழுதும்போது ‘தெளிவாக இல்லை’ என்று முடித்துவிட்டால் மதிப்பெண் கிடைக்காது. எந்த வரி, அதைப் படித்த ஏஜென்ட் என்ன செய்யும், அதனால் பயனருக்கு என்ன நேரும் என்ற மூன்றையும் ஒரே பத்தியில் கோத்து எழுதப் பழகுங்கள். இதற்குப் பயிற்சியாக, பொதுவெளியில் உள்ள திறமூலத் திட்டங்களின் ஏஜென்ட்ஸ்.எம்டி கோப்புகளை எடுத்து, ஒரு வரியை நீக்கினால் என்ன ஆகும் என்று முதலில் ஊகித்து எழுதி, பிறகு ஓட்டிச் சரிபார்ப்பதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. முடிந்தால் இன்னொருவருடன் சேர்ந்து படியுங்கள். இருவரும் தனித்தனியே மதிப்பெண் இட்டு, தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்து இருவரின் உடன்பாட்டை அளக்கும், ஜேக்கப் கோஹன் 1960-இல் முன்வைத்த கப்பா மதிப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். அது குறைவாக வந்தால், மதிப்பெண்ணை மாற்றுவதற்கு முன், மதிப்பீட்டு அளவுகோலின் எந்தச் சொல்லை இருவரும் வெவ்வேறாகப் புரிந்துகொண்டீர்கள் என்று தேடி, அந்தச் சொல்லைத் திருத்தி எழுதிவிட்டு, அடுத்த கோப்புக்குச் செல்லுங்கள்.